கண்ணாடி ஏற்றி

(‘தொழிலும் தமிழும்’ என்னும் தொடர்ப்பொழிவில், மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

     

பழைய சரக்குந்தின் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவி பழுதுற்றால் அதனைச் செப்பனிடுவதா, மாற்றுவதா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கும் சரக்குந்தின் கதவுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஒரு சொல்லை ஆறு உறுப்பாகப் பிரித்துக் காட்டுவது எங்கள் தொழில். அவ்வாறு பிரித்தறியக் கற்ற மாணவன், ஒரு சொல் எவ்விடத்தில் பிழைபட்டது என்பதை உடனே காட்டிவிடுவான். பிரித்தறியாதவனோ “இச்சொல் தவறு” என்று முழுவதையும் அடித்துவிடுவான். கதவினுள் இருக்கும் கருவிக்கும் இதுவே நெறி. உறுப்புகளைப் பிரித்தறிந்தவன் பழுதுற்ற உறுப்பை மட்டும் திருத்துவான். அறியாதவன் முழுக் கருவியையும் கழற்றி எறிவான். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சிய பொழுதெல்லாம் இதனை விளக்குவதற்கே.

பட்டறையில் வழங்கும் பேச்சைக் கேளுங்கள். கண்ணாடி ஏறவில்லையா? “மெசின் போச்சு.” இறங்கவில்லையா? “மெசின் போச்சு.” ஏற்றிவிட்ட கண்ணாடி தானே இறங்குகிறதா? அதற்கும் “மெசின் போச்சு” என்பதே விடை. சற்றுப் படித்தவராயின் “ரெகுலேட்டர் போச்சு” என்பார். ஒழுங்குபடுத்துவது என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். அடுப்பு வளியுருளையின் தலையில் இருப்பதும் ரெகுலேட்டர்; மின்விசிறியின் விரைவைக் கூட்டிக் குறைப்பதும் ரெகுலேட்டர்; கதவினுள் இருப்பதும் ரெகுலேட்டர். எதனை, எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்பதை அச்சொல் நம் தொழிலாளிக்குச் சொல்வதில்லை. “கண்ணாடி ஏற்றி” என்று சொல்லிப் பாருங்கள். நேற்றுத் தொழிலுக்கு வந்த இளைஞனுக்கும் அதன் செயல் விளங்கிவிடும்.

ஆனால், தோழர்களே, பெயர் மாற்றத்தோடு நாம் நின்றுவிடலாகாது. “மெசின் போச்சு” என்பதை மாற்றி, “கண்ணாடி ஏற்றி போயிற்று” என்று சொன்னால், சொல் தமிழாயிற்றே ஒழிய அறிவு ஓரடியும் நகரவில்லை. முழுமைக்கு ஒரு பெயர் போதாது. உறுப்புக்கு உறுப்பு பெயர் வேண்டும். பெயர் பிரிந்தால்தான் பழுதும் பிரிந்து தோன்றும்.

முதற்கண் இக்கண்ணாடி எதற்காக என்பதைக் காண்போம். நாம் நாள்தோறும் சொல்லும் ‘சன்னல்’ போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. நம் முன்னோர் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காலதர் காற்று வரும் வழி. பலகணி என்றும் ஒரு சொல் உண்டு. அது பல கண்களை உடையது என்னும் பொருளது. ஒரு சொல் காற்றைக் கருதியது. மற்றொன்று கண்ணைக் கருதியது. சரக்குந்தின் கதவிலோ இவ்விரண்டோடு மூன்றாவது பயனும் உண்டு. ஓட்டுநர் தம் கையை வெளியே நீட்டித் திரும்பும் குறியும் நிற்கும் குறியும் காட்டும் வழி அது. பின்விளக்கு எரியாத பழைய வண்டியில் அக்கையே விளக்கு.

அக்கண்ணாடி பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன நேரும்? மழைக்கால இரவில் சாரல் ஓட்டுநரின் வலத்தோளையும் இருக்கையையும் நனைக்கும். பதிவுத்தாள்களும் சரக்குத்தாள்களும் ஊறும். மூடியே நின்றுவிட்டாலோ, உள்ளே மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பார்வை மங்கும். கைக்குறி காட்டவும் இயலாது. நெடுவழியில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவரின் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் இதனோடு பிணைந்துள்ளன. எனவே இதனைச் சிறு பழுது என்று தள்ளிவிடலாகாது.

இனிக் கருவிக்கு வருவோம். நாமக்கல் போன்ற ஊர்களில் கூண்டு கட்டப்பெற்ற பழைய பெருவண்டிகள் சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளி மூடும் கண்ணாடியே இருக்கும். அவற்றை இங்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆலையிலிருந்தே எஃகுத் தகட்டுக் கூண்டோடு வந்த வண்டிகளையே கருதிப் பேசுகிறேன். 1986-ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா 407 என்னும் சிறு சரக்குந்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். காய்கறியும் செங்கல்லும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் பல்லாண்டு உழைத்த வண்டி அது. அத்தகைய வண்டியின் கதவை மனத்தில் வைத்துக்கொள்க.

கதவு என்பது ஒற்றைத் தகடு அன்று. புறத்தகடு ஒன்று, அகத்தகடு ஒன்று. இரண்டிற்கும் இடையே ஒரு வெற்றறை. கண்ணாடி இறங்கும்போது அவ்வறைக்குள் செல்கிறது. அகத்தகட்டில் கை நுழையும் அளவிற்குத் திறப்புகள் விடப்பட்டிருக்கும். அவற்றை மறைத்து ஓர் உள்மூடி பொருத்தப்பட்டிருக்கும். உள்மூடிக்கும் அகத்தகட்டிற்கும் இடையே, நீர் உட்புகாதவாறு நெகிழித்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு.

அவ்வறைக்குள் நடப்பதைப் படிப்படியாகக் காண்போம். நாம் சுற்றுவது கைப்பிடி. கைப்பிடி ஒரு தண்டைச் சுற்றுகிறது. தண்டின் முனையில் சிறு பற்சக்கரம்; பட்டறையில் ‘பினியன்’ என்பர். அது, பிறைநிலாவைப் போல் வளைந்து, விளிம்பில் மட்டும் பற்கள் வெட்டப்பெற்ற ஒரு தகட்டோடு கவ்வியிருக்கும். அத்தகட்டைப் பிறைப்பல் எனலாம். கைப்பிடி பல சுற்றுச் சுற்றினால் பிறைப்பல் சிறிதளவே திரும்பும். அதனால்தான் கனமான கண்ணாடியும் நம் ஒரு கைக்கு அடங்குகிறது. பிறைப்பல்லோடு நீண்ட கை ஒன்று இணைந்துள்ளது, அது தூக்குகை. ஒற்றைக் கை உடையனவும் உண்டு. கத்தரிக்கோல் போல் இரு கை குறுக்கிட்டு நிற்பனவும் உண்டு. தூக்குகையின் நுனியில் நைலானாலோ இரும்பாலோ ஆகிய உருளி. கண்ணாடியின் அடிவிளிம்பைப் பற்றியிருக்கும் நீண்ட தவாளிப்புக்கு அடித்தாங்கி என்று பெயரிடுவோம். உருளி அதற்குள் ஓடும். கை மேலே எழ, உருளி பக்கவாட்டில் ஓட, கண்ணாடி நேரே ஏறுகிறது. கண்ணாடியின் இரு பக்கத்தும் கம்பளியோ, ‘ரப்பர்’ என்னும் தொய்வமோ பதித்த பக்கத் தவாளிப்புகள் அதனைச் சாயாமல் காக்கின்றன. பட்டறையார் ‘சேனல்’ என்பது இதனையே.

இன்னும் இரண்டு உறுப்புகள் உள. இரண்டும் வில்கள். அவற்றை வேறுபடுத்தி அறியாமையே பல குழப்பங்களுக்கு வேர்.

முதலாவது எதிர்வில். கடிகாரச் சுருள் போன்று பிறைப்பல்லின் அச்சில் சுற்றப்பட்டிருக்கும். கிணற்றுத் துலாவின் பின்முனையில் நம் உழவர் கல்லைக் கட்டுவர். இறக்கும்போது கல் மேலே செல்லும். நீர்ச்சாலை ஏற்றும்போது அக்கல்லின் எடை துணைநிற்கும். எதிர்வில்லின் வேலையும் அதுவே. கண்ணாடி இறங்கும்போது வில் முறுக்கேறும். ஏறும்போது அம்முறுக்கு அவிழ்ந்து நம் கைக்குத் துணையாகும்.

இரண்டாவது பிடிவில். கைப்பிடித் தண்டைச் சுற்றி, சிறு குடம் போன்ற கூட்டிற்குள் அடங்கியிருக்கும். வண்டி எவ்வளவு அதிர்ந்தாலும் கண்ணாடி வைத்த இடத்திலேயே நிற்கிறதே, அது இதன் செயல். கைப்பிடியிலிருந்து விசை வரும்போது இவ்வில் உள்நோக்கிச் சுருங்கிக் குடத்தின் சுவரை விட்டு விலகும். தண்டு தடையின்றிச் சுழலும். கண்ணாடியின் எடையிலிருந்து விசை வரும்போது இதே வில் புறநோக்கி விரிந்து குடத்தின் உட்சுவரை இறுகப் பற்றும், தண்டு நகராது. கை ஆணையிட்டால் வழிவிடும். சுமை ஆணையிட்டால் மறுக்கும்.

இவையே உறுப்புகள்: கைப்பிடி, தண்டு, சிறு பற்சக்கரம், பிறைப்பல், தூக்குகை, உருளி, அடித்தாங்கி, பக்கத் தவாளிப்பு, எதிர்வில், பிடிவில். பத்துப் பெயர்கள். இவற்றுள் அடித்தாங்கியும் பக்கத் தவாளிப்பும் ஏற்றியைச் சேர்ந்தனவே அல்ல. கண்ணாடியையும் கதவையும் சேர்ந்தவை. இதனை நினைவிற் கொள்க.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தில் மருத்துவர்க்குச் சொன்ன முறையை நீங்கள் அறிவீர்கள். நோய் இன்னதென அறிதல், அதன் முதலை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பிழையாமற் செய்தல். கதவைத் திறக்குமுன் இம்முறையைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் குறி வேறு.

கைப்பிடி வெறுமனே சுழல்கிறது, கண்ணாடி அசையவில்லை. அப்போது முதலில் மறுகதவின் கைப்பிடியைக் கழற்றி இங்கே பொருத்திச் சுற்றுக. கண்ணாடி ஏறினால், தேய்ந்தது கைப்பிடியின் உள்வரிகளே. கைப்பிடி ஒன்றை மாற்றினால் போதும். ஏறவில்லையாயின் பற்களோ தூக்குகையின் இணைப்போ பழுது.

கைப்பிடி எளிதாகச் சுழல்கிறது. உள்ளே கை எழுவதும் தெரிகிறது. கண்ணாடி மட்டும் அடியில் விழுந்து கிடக்கிறது. அப்போது அடித்தாங்கியினின்று கண்ணாடி கழன்றுவிட்டது. ஏற்றியின் மேல் குற்றமே இல்லை. கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள தொய்வப் பட்டையை மாற்றி மீண்டும் பதித்தால் முடிந்தது.

ஏறும்போது கண்ணாடி ஒரு பக்கம் சாய்கிறது. அப்போது உருளி தேய்ந்தோ கழன்றோ இருக்கும். அல்லது பக்கத் தவாளிப்பின் மரையாணி தளர்ந்திருக்கும்.

இறக்குவது எளிதாகவும் ஏற்றுவது மிகக் கடினமாகவும் உள்ளது. அப்போது எதிர்வில் முறிந்திருக்கலாம். ஏற்றிய கண்ணாடி வண்டியின் அதிர்ச்சியில் தானே சிறிது சிறிதாக இறங்குகிறது. கைப்பிடியும் உடன் சுழல்கிறது. அப்போது பிடிவில் தேய்ந்துவிட்டது.

ஏற்றவும் கடினம், இறக்கவும் கடினம். இதுவே மிகுதியாக நேர்வது. மிகுதியாகத் தவறாக உணரப்படுவதும் இதுவே. இதனை அறிய ஓர் எளிய ஆய்வு உண்டு. உள்மூடியை எடுத்து, அடித்தாங்கியினின்று உருளியை விடுவித்து, கண்ணாடியைத் தனியே இரு கைகளாலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கைக்கே அது இறுகி நின்றால் நோய் பக்கத் தவாளிப்பில் உள்ளது. கைக்கு எளிதாக நகர்ந்தால் நோய் ஏற்றியில் உள்ளது. சில மணித்துளி வேலை. ஆனால் பட்டறைகளில் பலரும் செய்யாமல் விடுவது.

என் தமக்கை மகன் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குச் சரக்கேற்றிச் செல்பவன். அவன் வண்டியின் வலக்கதவிற்கு ஓராண்டில் இருமுறை புதிய ஏற்றி வாங்கிப் பொருத்தியிருந்தனர். மூன்றாம் முறையும் பல் தேய்ந்து நின்றபோது, “மாமா, இந்த வண்டிக்கு வருகிற மெசினெல்லாம் மட்டம்” என்றான். “கண்ணாடியைத் தனியே தூக்கிப் பார்த்தார்களா?” என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தபோது இருவர் சேர்ந்தும் எளிதாகத் தூக்க இயலவில்லை. பக்கத் தவாளிப்பின் கம்பளி, செம்மண்ணும் இலைத்துகளும் ஏறிக் கல்லாய் இறுகிக் கிடந்தது. ஏற்றி நோயாளி அன்று. நோயைச் சுமந்த சுமையாள். இரண்டு ஏற்றிகளின் பற்கள் அச்சுமையால் தேய்ந்தன. மூன்றாவது ஏற்றியோடு புதிய கம்பளிப் பட்டையும் பதித்த பின், மூன்று மழைக்காலம் கடந்தும் அவ்வேற்றி குறையின்றி இயங்கிற்று. பட்டையின் விலை, ஏற்றியின் விலையில் ஒரு சிறு பங்கே. அவன் இழந்தது பணம் மட்டும் அன்று. வண்டி பட்டறையில் நின்ற நாள்களின் கூலியும் வாடிய காய்கறியும் கணக்கில் வரும். அவ்வளவும் பக்கத் தவாளிப்பு என்னும் உறுப்பைத் தனியே எண்ணிப் பாராமையின் விலை.

இனி, பிரித்து வேலை செய்யும் முறை. இதில் கைக்கும் கண்ணுக்கும் ஊறு நேரக்கூடிய இடங்கள் உள. அவற்றை அழுத்திச் சொல்கிறேன்.

கண்ணாடியை முடிந்த வரையில் மேலே ஏற்றி, மரஆப்பு இரண்டை இருபுறமும் செருகியோ, வலிய ஒட்டுநாடாவைக் கதவுச் சட்டத்தின் மேலாக இட்டோ நிலைநிறுத்துக. கைப்பிடி சில வண்டிகளில் நடுவே ஒரு திருகாணியாலும், சிலவற்றில் பின்புறம் குதிரைக் குளம்பு வடிவக் கம்பியாலும் பிணைக்கப்பட்டிருக்கும். கம்பியாயின், கைப்பிடிக்கும் உள்மூடிக்கும் இடையே ஒரு துணிப்பட்டையை நுழைத்து இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் அது வெளிப்படும். தெறித்து ஓடக்கூடும், மறுகையால் மறைத்துக்கொள்க. உள்மூடியை மூலையிலிருந்து சிறிது சிறிதாக நெம்பி எடுக்க. நடுவில் பற்றி இழுத்தால் பலகை முறியும். நெகிழித்தாளைக் கிழியாமல் உரித்து வைக்க.

கதவுக் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி. அதனை வெட்டவோ துளையிடவோ இயலாது. விளிம்பில் ஓர் அடி பட்டாலும் முழுவதும் சிறுசிறு மணிகளாகச் சிதறும். ஆகலின் கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடற்க.

ஏற்றி மரையாணிகளால் பொருத்தப்பட்டிருந்தால் அவற்றைக் கழற்றி, உருளியைத் தாங்கியின் முனைவழியாக வெளியேற்றி, கருவியைத் திறப்பின் வழியே சாய்த்து எடுக்கலாம். ‘ரிவெட்டு’ என்னும் தறையாணிகளால் பொருத்தப்பட்டிருந்தால் அவற்றின் தலையைத் துளைத்து நீக்க வேண்டும். துளைத்த இரும்புத் துகளைக் கதவின் அடியில் விட்டுவிடாதீர்கள். அது ஈரத்தோடு சேர்ந்து துருவுக்கு வித்தாகும். மீண்டும் பொருத்தும்போது தறையாணிக்கு மாற்றாக மரையாணியும் சுரையும் இடலாம். ஆனால் அவை அதிர்வில் தளராதிருக்கப் பூட்டுவளையம் வேண்டும். ஆணியின் முனை நீண்டு கண்ணாடியை உரசவும் கூடாது.

இப்போது சொல்வதை இளைஞர்கள் நன்கு மனத்திற் பதிக்க. வெளியே எடுத்த ஏற்றியில் எதிர்வில் முறுக்கேறிய நிலையில் இருக்கக்கூடும். அந்நிலையில் சிறு பற்சக்கரத்தைப் பிரித்தாலோ வில்லின் முனையை நெம்பினாலோ, பிறைப்பல் கண்ணிமைக்கும் பொழுதில் வெட்டித் திரும்பும். இடையில் விரல் இருந்தால் அவ்விரலுக்கு உறுதியில்லை. ஆகவே, பற்சக்கரத்தைத் தொடுமுன், பிறைப்பல்லையும் அடித்தகட்டையும் ஊடுருவுமாறு ஒரு துளையிட்டு மரையாணியால் பூட்டிவிட வேண்டும். அல்லது இரண்டையும் இறுக்கியால் சேர்த்துப் பிணைக்க வேண்டும். பூட்டிய பின்னரே பிரித்தல். “எத்தனையோ பிரித்திருக்கிறேன், ஒன்றும் நேரவில்லை” என்று சொல்வோர் இருப்பர். நேராத நாள்கள் எத்தனை கழிந்தாலும் நேரும் நாள் ஒன்று போதும்.

செப்பனிடுவதா, மாற்றுவதா? இப்போது விடை எளிது. உருளி, கைப்பிடி, கம்பளிப் பட்டை, தாங்கியின் தொய்வம் ஆகியவை பழுதானால் அவற்றை மட்டும் மாற்றுக. பழைய மசகு காய்ந்து பிசினாய் இறுகியிருந்தால், மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துப் புதிய மசகிடுக. தூக்குகை சிறிதே வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். பிறைப்பல்லின் பற்கள் உதிர்ந்திருந்தாலும், பிடிவில்லின் குடம் தேய்ந்திருந்தாலும், அடித்தகடு துருவால் அரிக்கப்பட்டிருந்தாலும் முழு ஏற்றியை மாற்றுவதே தக்கது. உதிர்ந்த பல்லின்மேல் பற்றவைத்து அராவிச் சீர்செய்யும் கைவன்மை உடையோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் திறம் போற்றத்தக்கதே. ஆயினும் புதிய உறுப்பு கிடைக்கும் வரை ஓட்டிச்செல்வதற்கே அது துணையாகும். பற்சக்கரத்திற்கு மாற்றாகக் கம்பிவடத்தால் இயங்கும் ஏற்றிகளும் உண்டு. அவற்றில் வடம் பிரிபிரியாக அறுந்துவிட்டால், முழுமையாக மாற்றுவதே பெரும்பாலும் முறை.

புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்க. இடக்கதவினதும் வலக்கதவினதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல் போன்றவை. ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. தண்டின் நீளம், அதன் வரிகள், கையின் நீளம், துளைகளின் இடம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுக. புதியது பொருந்தி இயங்கும் வரை பழையதை எறியற்க. எறியும்போதும் அதன் உருளியையும் ஆணிகளையும் எடுத்து வைக்க.

மசகிடுவதிலும் ஒரு வேறுபாடு அறிதல் வேண்டும். பற்களிலும் அச்சுகளிலும் உருளி ஓடும் தாங்கியிலும் ‘கிரீசு’ என்னும் மசகு இடலாம். கண்ணாடி ஓடும் பக்கத் தவாளிப்பில் அதனை இடலாகாது. எண்ணெய்ப் பசை தொய்வத்தை ஊதச் செய்யும். புழுதியையும் பிடித்துவைத்துச் சேறாக்கும். நல்லது செய்வதாக எண்ணித் தவாளிப்பில் மசகைத் தடவுவோர், சில திங்களில் தாமே அப்பழுதை மீண்டும் வரவழைக்கின்றனர். அங்கே தூய்மையே மசகு. வேண்டுமாயின் சிலிகான் நீர்மத்தைச் சிறிதே தெளிக்கலாம்.

மூடுமுன், உள்மூடியின்றியே பத்து முறையேனும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பக்கத் தவாளிப்பின் ஆணிகளைச் சற்றே தளர்த்தி, கண்ணாடியை முழுதும் ஏற்றி, அது தன் இடத்தில் அமைந்த பின் இறுக்குக. கதவின் அடிவிளிம்பில் நீர்வடி துளைகள் உண்டு. கண்ணாடியின் மேல் வழியும் மழைநீர் கதவினுள் இறங்குவது இயல்பு. அது வெளியேற வழி அதுவே. சேறடைத்த துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுக. இல்லையேல் கதவு ஒரு தொட்டியாகும். நீங்கள் பொருத்திய புதிய ஏற்றி அதில் துருவேறும். நெகிழித்தாளை மீண்டும் ஒட்டுக. கண்ணாடி மூடிய நிலையில் ஓட்டுநரின் முழங்காலில் இடிக்காத வாக்கில் கைப்பிடியைப் பொருத்துக. வேலை முடிந்தது.

அவையீர்! நான் கூறிய பெயர்களே முடிந்த முடிபு என்று கொள்ள வேண்டா. பிறைப்பல்லினும் நல்ல பெயர் ஒரு பட்டறையில் ஏற்கெனவே வழங்கலாம். திருப்புளி, குறடு, அரம், ஆப்பு, தவாளிப்பு என்னும் அருமையான சொற்களை நமக்குக் காத்துத் தந்தோர் தச்சரும் கொல்லருமே. ஆகலின் தமிழாசிரியர்கள் பட்டறைக்குச் சென்று கேளுங்கள். அங்கே சொல் இருந்தால் வணங்கி எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாத இடத்தில் செயலைப் பார்த்துச் சொல் அமையுங்கள். கருவியைக் காணாமல் அகரமுதலியை மட்டும் புரட்டி ஆக்கும் சொல், தொழிலாளியின் நாவில் ஏறாது.

பட்டறைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றி எறியும் பழைய ஏற்றி ஒன்றைக் கழுவித் துடைத்து, ஒரு பலகையில் அறைந்து, உறுப்புதோறும் பெயரெழுதிச் சுவரில் மாட்டுங்கள். தொழில் கற்க வரும் இளைஞன் முதல் நாளே அதனைப் பார்க்கட்டும். வண்டியோட்டி வந்து நிற்கும்போது, “மெசின் போச்சு” என்று சொல்லாமல், “உருளி தேய்ந்துவிட்டது, மற்றவை நன்றாக உள்ளன” என்று அவருக்கு அதனைத் தொட்டுக் காட்டுங்கள். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது அவருக்கும் விளங்கும். உங்கள் சொல்லின்மேல் அவருக்கு நம்பிக்கையும் வளரும்.

ஓட்டுநர்களும் “என்ன ஆயிற்று?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எந்த உறுப்பு?” என்று கேட்கப் பழகுக. அவ்வொரு வினா உங்கள் பணத்தைக் காக்கும். தொழிலாளியின் அறிவையும் கூர்மையாக்கும்.